மானியப் பணம் வயலில் யாரிடம் போய்ச் சேர்கிறது: கணக்குப் பார்க்கும் முறை

காலபோக விதைப்பு முடிந்து முதல் மழையில் வயல் பச்சை பிடிக்கும் நாட்களில், இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் கமநல சேவை நிலையங்களின் வாசலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மானியம் வந்துவிட்டதா? வந்த மானியம் கடைசியில் யாருடைய வருமானமாயிற்று என்ற அடுத்த கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியும், அடுத்தடுத்த இரண்டு போகங்களின் செலவு விபரமும், உண்மையைச் சொல்லக்கூடிய மூன்று நான்கு பேரும் போதும். கமக்காரர் அமைப்புகளின் செயலாளர்களையும், குத்தகைக்கு வயல் செய்பவர்களையும், உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் எங்கள் பிள்ளைகளையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் கொப்பியின் ஒரு பக்கத்தை மூன்று நிரல்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது நிரல் நிலத்துக்குரியது. குத்தகையாகவோ, விளைச்சலில் பங்காகக் கொடுக்கும் வாரமாகவோ காணிக்காரருக்குப் போவது அனைத்தும் இதில் அடங்கும். இரண்டாவது உழைப்புக்குரியது, வரம்பு கட்டுபவர், மருந்து அடிப்பவர், களை பிடுங்கும் பெண்கள், மூடை தூக்குபவர் ஆகியோரின் நாட்கூலியோடு, கணக்கில் ஒருவரும் எழுதாத வீட்டு ஆட்களின் உழைப்பும் இங்கேதான் வரவேண்டும். மூன்றாவது மூலதனத்துக்குரியது, உழவு மெசின், வெட்டு மெசின் ஆகியவற்றின் வாடகை, உரக்கடையின் இலாபம், அடகு வைத்த நகைக்கான வட்டி, நெல்லை வாங்கும் வியாபாரியினதும் ஆலையினதும் இலாபம் ஆகியவை இதில் சேரும். சொந்தக் காணியில், சொந்த உழவு இயந்திரத்தால், குடும்பத்தோடு பயிர் செய்யும் ஒருவருக்கு மூன்றும் ஒரே சட்டைப் பைக்குள் விழுவதால் வேறுபாடு தெரிவதில்லை. அவரும் தமது காணியை வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் என்ன குத்தகை கிடைத்திருக்கும், தாம் கூலிக்குப் போயிருந்தால் எத்தனை நாட் சம்பளம் வந்திருக்கும் என்று கேட்டு மூன்று நிரல்களையும் தனித்தனியே நிரப்பவேண்டும். இந்த வேலையைச் சலிப்பாக நினைத்து விட்டுவிடுபவர்களே பிறகு மானியம் முழுவதும் “விவசாயிக்கு” கிடைத்தது என்று சொல்கிறார்கள்.

அடுத்து, எந்த வகை மானியத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லா மானியமும் ஒரே வழியில் ஓடுவதில்லை. இலங்கையில் உரமானியம் 1962 இல் தொடங்கியது. 2005 இன் பின்னர் நெல்லுக்கான உரம் 50 கிலோ அந்தர் 350 ரூபாய் என்ற விலையில் வழங்கப்பட்டது. போரும் இடப்பெயர்வும் வயல்களைப் பாழாக்கிய ஆண்டுகள் அவை என்பதால், வன்னியில் பலருக்கு அது மீள்குடியேற்றத்துக்குப் பிறகே அனுபவமாயிற்று. 2016 இல் மலிவு உரத்துக்குப் பதிலாகப் பரப்பளவைக் கொண்டு பணம் கொடுக்கும் முறை வந்தது. 2018 இல் மீண்டும் அந்தர் 500 ரூபாய் என்ற முறைக்குத் திரும்பினார்கள். 2020 இல் நெற்செய்கைக்கு உரம் இலவசமாக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியே தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டது. பின்னர் பணக்கொடுப்பனவு மீண்டும் வந்தது. 2024/25 காலபோகத்துக்கு அது ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கூடிய எல்லை 2 ஹெக்டேயர். நாங்கள் ஏக்கரில் பேசுபவர்கள் என்பதால் மாற்றிக்கொள்வோம்: ஒரு ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 2.47 ஏக்கர், ஆகவே ஏக்கருக்கு விழுந்தது ஏறத்தாழ 10,100 ரூபாய்.

இவற்றுள் மலிவு உரம் என்பது உரத்தைப் போட்டால் மட்டுமே கையில் கிடைக்கும் உதவி. பரப்பளவுக்கான பணம் என்பது காணியின் அளவை ஒட்டி வரும் உதவி. உத்தரவாத விலை என்பது விற்கும் கிலோவை ஒட்டி வருவது. இயந்திரத்துக்கான சலுகையும் குறைந்த வட்டிக் கடனும் பொறுப்பு வைக்கக் கூடியவரை ஒட்டி வருவன. எதை ஒட்டி வருகிறதோ அதை வைத்திருப்பவருடைய கை முதலில் ஓங்கும். ஆனால் முதலில் வாங்கும் கைதான் இறுதியில் வைத்திருக்கும் கை என்று எண்ணிவிடக் கூடாது.

இறுதியில் யார் வைத்திருப்பார் என்பதை அறிய ஒரு விதி இருக்கிறது: எதைக் கூட்டிக்கொள்ள முடியாதோ, எதற்கு மாற்று இல்லையோ, அதன் சொந்தக்காரரிடமே கூடுதலான பணம் தங்கும். விலை கூடினால் உரக்கடைக்காரர் இன்னொரு லொறி உரம் இறக்கலாம். வெட்டு மெசின் போதாவிட்டால் வெளிமாவட்டத்திலிருந்து இன்னும் நான்கு மெசின்கள் லொறிகளில் ஏறி வரும். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீர் பாயும் வயலை மட்டும் ஒருவராலும் புதிதாக ஓர் ஏக்கர்கூட உண்டாக்க முடியாது. எனவே நீர்ப்பாய்ச்சலுள்ள காணிக்குப் போட்டி இருக்கும் இடத்தில் மானியம் மெல்ல மெல்லக் குத்தகைக்குள் ஊறிவிடும்.

அது ஊறுவதை நான் ஒருமுறை அருகில் நின்று பார்த்தேன். எங்கள் வாய்க்காலின் கீழ் மூன்று ஏக்கர் குத்தகைக்குச் செய்யும் ஒரு தம்பி, வரம்பில் நின்றபடியே காணிக்காரருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். காணிக்காரர் யாழ்ப்பாணத்தில் இருப்பவர், நல்ல மனிதர், குரல் உயர்த்திப் பேசியதில்லை. ஒலிபெருக்கியில் கேட்டது இவ்வளவுதான்:

“தம்பி, பேப்பரிலை போட்டிருக்கு, இந்தமுறை இருபத்தையாயிரமாம். குத்தகையை ஏக்கருக்கு ஐயாயிரம் கூட்டிப் போடுவமே?”

“ஐயா, அது உரத்துக்குத் தாற காசெல்லோ.”

“உரம் போடுறது என்ரை காணிக்குள்ளைதானே தம்பி.”

தம்பி காலில் ஒட்டிய சேற்றை வரம்பில் தேய்த்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு “ஓம் ஐயா” என்றார். அவர் மறுத்திருந்தால் அந்த மூன்று ஏக்கருக்கும் அன்று மாலையே இன்னும் இருவர் வந்திருப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். பணம் இன்னும் வங்கிக்கு வந்திருக்கவில்லை. அதற்குள் அதன் பாதி கைமாறிவிட்டது.

ஆகவே அடுத்ததாகச் செய்யவேண்டியது, பதிவில் இருப்பது யார் பெயர் என்று பார்ப்பது. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெருமளவு வயல்கள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றைத் தம் விருப்பப்படி கைமாற்றவோ குத்தகைக்குக் கொடுக்கவோ அனுமதிப்பத்திரம் தடைபோடுகிறது. ஆனால் நடைமுறையில் குத்தகை நடக்கிறது, வாய்மொழியாக நடக்கிறது. எழுத்தில் இல்லாத குத்தகைக்காரர் மானியம் பெறுவோரின் இடாப்பிலும் இல்லாமற் போவதற்கு இடமுண்டு. அப்படியானால் பணம் காணிக்காரரின் கணக்குக்கே நேராகப் போகும். உங்கள் வாய்க்காலின் கீழ் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதிப்பத்திரம் யார் பெயரில், இப்போகம் பயிர் செய்வது யார், மானியப் பட்டியலில் இருப்பது யார் என்ற மூன்று பெயர்களையும் எழுதிப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருக்கும் துண்டுகள் எத்தனை என்பதை எண்ணினாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இனி உண்மையான கணக்குக்கு வருவோம். கீழே தரும் தொகைகள் முறையை விளக்குவதற்கு நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் இடத்துத் தொகைகளை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குத்தகைக்கு வயல் செய்பவர் ஒருவருக்கு ஏக்கருக்கு 10,100 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்று கொள்வோம். அதே போகத்தில் குத்தகை 25,000 இலிருந்து 30,000 ஆகக் கூடுகிறது. வெட்டு மெசின் கூலி 1,500 கூடுகிறது. உரக்கடையில் அந்தருக்கு 300 கூடுகிறது, அவர் இரண்டு அந்தர் போடுகிறார். நாட்கூலி 200 கூடுகிறது, அவர் நான்கு கூலிநாட்கள் பிடிக்கிறார். இவை எல்லாவற்றையும் மானியத்தால் வந்த ஏற்றம் என்று எழுதினால் கணக்குப் பிழைத்துவிடும். மானியம் இல்லாவிட்டாலும் கூடியிருக்கக் கூடியதை முதலில் கழிக்கவேண்டும். டீசல் விலை ஏறியதால் மெசின்காரருக்கு 500 செலவு கூடியிருந்தால், எஞ்சிய 1,000 மட்டுமே மூலதனத்துக்குப் போன பங்கு. கூலிக்கு நல்ல ஒப்பீடு மேசன் கையாளின் சம்பளம்: மானியத்தோடு சம்பந்தமே இல்லாத அந்த வேலையிலும் அதே காலத்தில் 200 கூடியிருந்தால், வயற்கூலியில் கூடிய 800 ரூபாய் விலைவாசிக்கு ஈடு கொடுத்ததே தவிர மானியத்தின் பங்கு அல்ல. குத்தகைக்கும் இப்படியே, மானியம் கிடைக்காத மேட்டுப் பயிர்க் காணிகளின் குத்தகை கூடியதா என்று பார்க்கவேண்டும்; நமது உதாரணத்தில் அது கூடவில்லை என்று வைத்துக்கொள்வோம். உரவிலையும் உலகச் சந்தையில் மாறவில்லை என்று கொள்வோம்.

இப்போது நிரல்கள் இப்படி நிற்கும்: நிலத்துக்கு 5,000, மூலதனத்துக்கு மெசினில் 1,000, உரக்கடையில் 600, கூலி உழைப்புக்கு ஒன்றுமில்லை, பயிர் செய்தவரின் கையில் எஞ்சியது 3,500. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இருப்பதோ 10,100. இந்த 3,500 ஐயும் அவருடைய சொந்த உழைப்புக்கும், அவர் போட்ட பணத்துக்கும், மழை பிந்தினால் வரும் நட்டத்தைச் சுமந்ததற்கும் உரிய ஊதியமாகப் பிரித்துப் பார்த்தால், நாளொன்றுக்கு என்ன மிஞ்சுகிறது என்பது விளங்கும். மானியம் காணிக்காரரின் கணக்குக்கே போய், குத்தகையும் குறையாவிட்டால், 10,100 முழுவதும் முதல் நிரலுக்குப் போய்விடும். அதற்கு நீண்ட கணக்குத் தேவையில்லை.

வெளிநாட்டு அனுபவமும் இந்தத் திசையையே காட்டுகிறது, ஆனால் அளவில் வேறுபடுகிறது. அமெரிக்கப் பண்ணைகளை ஆராய்ந்து 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, மானியத்தின் ஒவ்வொரு டொலரிலும் ஏறத்தாழ 25 சதமே குத்தகை உயர்வாகக் காணிக்காரரிடம் போனதாகவும், மீதியின் பெரும்பகுதி பயிர் செய்பவரிடம் தங்கியதாகவும் கண்டது. நியூசிலாந்து 1984 இல் விவசாய மானியங்களை நிறுத்தத் தொடங்கியபோது பண்ணைக் காணிகளின் விலை கடுமையாக விழுந்தது. மானியம் நிலத்தின் விலைக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு அந்த வீழ்ச்சியே சாட்சி. எனவே “எல்லாமே காணிக்காரருக்குத்தான் போகிறது” என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு கொப்பியைத் திறக்காதீர்கள். எவ்வளவு போகிறது என்பதை இடத்துக்கு இடம் கணக்கிட்டே சொல்ல முடியும்.

வன்னிக்குள்ளேயே இந்த வேறுபாடு பெரிது. குளத்து நீர் பாயும் வயலில் குத்தகைக்குப் போட்டி அதிகம். மானாவாரிக் காணியில், குறிப்பாகக் காட்டோரத்தில் யானையும் பன்றியும் வரும் இடங்களில், செய்ய ஆளின்றிக் கிடக்கும் துண்டுகள் உண்டு. அங்கே காணிக்காரரால் குத்தகையைக் கூட்ட முடியாது. உழவு மெசின்காரர் வரமாட்டேன் என்றால் விதைப்பே இல்லை என்ற நிலையில், பணம் அவருடைய வாடகையில் போய் நிற்கும். சிறுபோகத்தில் நிலைமை இன்னும் கூர்மையாகிறது. குளத்தில் எஞ்சிய நீருக்கு ஏற்பச் செய்கைப் பரப்பைக் கூட்டத்தில் சுருக்கித் தீர்மானிக்கும்போது, விதைக்க அனுமதிபெற்ற ஒவ்வொரு ஏக்கரும் பொன்னாகிவிடுகிறது. இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும்: குளத்தின் மடையான துருசு திறந்து விடப்படும் தண்ணீரே ஒரு மானியம்தான். பொதுப்பணத்தில் கட்டப்பட்டுத் திருத்தப்பட்ட குளத்திலிருந்து விலையின்றி வரும் நீர், வாய்க்காலுக்குக் கீழேயுள்ள வயலின் குத்தகையாக மாறி நிற்கிறது. அந்த அளவை அறிய விரும்பினால், அதே ஊரில் வாய்க்காலுக்கு மேலே இருக்கும் ஏக்கரின் குத்தகையைக் கீழே இருக்கும் ஏக்கரின் குத்தகையிலிருந்து கழித்துப் பாருங்கள். உரமானியத்தைப் பற்றி ஓயாமல் விவாதிக்கும் நாங்கள், அதைவிடப் பெரிதாகவும் இருக்கக்கூடிய இந்த மானியத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

உழைப்பின் நிரலை நிரப்பும்போது நாட்கூலியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கூலியின் விலையோடு, வேலை கிடைத்த நாட்களின் எண்ணிக்கையையும் எழுதவேண்டும். அருவி வெட்டு என்னும் அறுவடைக் காலத்தில் ஓர் ஏக்கரைக் கையால் வெட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு நாள் முழுவதும் குனிந்து நிற்கவேண்டும். பிறகு கட்டு கட்டிச் சுமந்து, குவித்துச் சூடு வைத்து, சூடு அடித்துத் தூற்றவேண்டும். வெட்டு மெசின் இவை அனைத்தையும் ஒரு மணித்தியாலத்தைச் சுற்றிய நேரத்தில் முடித்துவிடுகிறது. லீசிங் கடன்களும் சலுகைகளும் இந்த மெசின்களை மலிவாக்கிய ஒவ்வொரு முறையும், அந்தச் சலுகை உழைப்பின் நிரலிலிருந்து மூலதனத்தின் நிரலுக்கு நாட்களை மாற்றியது. முதுகு முறியும் வேலை ஒழிந்ததை நான் குறைசொல்லவில்லை. மழைக்கு முன் நெல் வீடு வந்து சேர்வது பெரிய காரியம். ஆனால் போரில் கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள் நிறைந்த கிராமங்களில், அந்த நாட்கள் எங்கே போயின என்று கேட்காமல் விடுவதும் நியாயமில்லை.

எங்கள் பக்கத்தில் மெசின் வயலைவிட்டு ஏறியதும், ஓரத்தில் பையோடு காத்திருக்கும் ஓர் அக்கா இறங்கிக் கதிர் பொறுக்குவார். மெசின் திரும்பிய மூலைகளிலும், சாய்ந்து கிடந்த பயிரைக் கத்தி எட்டாத இடங்களிலும் கிடைப்பதைச் சேர்த்தால் சில நாட்களில் வீட்டுக்கு அரிசியாகும். முன்பு இதே வயலில் வெட்டுக் கூலிக்கு நின்றவர் அவர். அவருடைய பெயர் எந்த மானியப் பட்டியலிலும் இல்லை, ஏனெனில் அவருக்குக் காணி இல்லை. கொப்பியில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: சென்ற போகத்தில் எத்தனை நாள் வேலை, இந்தப் போகத்தில் எத்தனை நாள், வீட்டில் அரிசி கடையில் வாங்கியது எத்தனை கிலோ.

கடைசிக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது: ‘நாடு’ வகை நெல் கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரிச் சம்பா 132. விலையாதரவு நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. விற்பவரா வாங்குபவரா என்று கேட்கவேண்டும். நூறு மூடை விற்பவருக்குப் பத்து மூடை விற்பவரைவிடப் பத்து மடங்கு பயன். நெல்லே இல்லாமல் அரிசி வாங்கிச் சமைக்கும் கூலிக் குடும்பத்துக்கு அது செலவு. மேலும், அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குவது 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காய்ந்த நெல். மெசினிலிருந்து நேராகச் சாக்கில் விழும் நெல் அவ்வளவு காய்ந்திருப்பதில்லை. காயவைக்கத் தளமும், இரண்டு வாரம் அடுக்கி வைக்கக் களஞ்சியமும், உழவுக் கடனைத் தள்ளிப்போடும் வசதியும் உள்ளவர் காத்திருந்து உத்தரவாத விலை பெறுவார். விதைப்புக்கே நகை அடகு வைத்தவர், வரம்பருகே நிற்கும் லொறிக்கு ஈரநெல்லை ஏற்றிவிடுவார். அந்த இரு விலைகளுக்கும் இடையிலுள்ள தொகையிலிருந்து காய்ந்து குறையும் எடையையும் ஏற்றுக்கூலியையும் கழித்தபின் மிஞ்சுவது தளத்துக்கும் களஞ்சியத்துக்கும் கிடைத்த மூலதன வருமானம். அதைக் கிலோவுக்கு எவ்வளவு என்று எழுதி, விற்ற கிலோவால் பெருக்குங்கள். சில வயல்களில் இந்தத் தொகை ஏக்கருக்கான உரமானியத்தைவிடப் பெரிதாகவும் வரக்கூடும்.

கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி, மானிய உரம் நின்ற காலத்தைப் பார்ப்பது. 2021/22 காலபோகத்தில் உரமின்றி விளைச்சல் சரிந்ததும், அடுத்த ஆண்டில் உரத்தின் விலை பல மடங்கானதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் போகங்களில் உங்கள் வாய்க்காலில் குத்தகை குறைந்ததா, காணிக்காரர் சிலர் அரைக் குத்தகைக்கு இணங்கினார்களா, மெசின் கூலி அசையாமல் நின்றதா, எத்தனை நாட்கள் கூலி வேலை இல்லாமற் போனது என்று கேட்டு எழுதுங்கள். மானியம் கூடும்போது உயர்ந்தும் நிற்கும்போது தாழ்ந்தும் வரும் நிரலே அதைப் பெற்ற நிரல். மேலே போகும்போது குத்தகையில் ஏறி, கீழே வரும்போது கூலி நாட்களில் மட்டும் குறைந்திருந்தால், அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரிக்காகவே இவ்வளவு சிரமப்படலாம்.

கணக்கு முடிந்ததும் அதைப் பயன்படுத்த ஏற்ற இடம் விதைப்புக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டம். பயிர் செய்பவரின் பெயரே பட்டியலில் வரவேண்டும் என்று கமக்காரர் அமைப்பு அங்கே தீர்மானம் எடுத்து, துண்டு வாரியாகப் பெயர்களைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொடுக்கலாம். குத்தகை பேசுபவர்கள், வாய்மொழியாகப் பேசினாலும் ஒரு தாளில் இரண்டு வாக்கியம் எழுதி இருவரும் ஒப்பமிட்டுக்கொள்ளலாம்: இப்போக மானியம் பயிர் செய்பவருக்கு உரியது, பேசிய குத்தகை அறுவடை முடியும்வரை மாறாது. இது நீதிமன்றத்தில் எவ்வளவு நிற்கும் என்பதைவிட, தொலைபேசியில் “கூட்டிப் போடுவமே” என்று கேட்கும் ஐயாவுக்குத் தம்பி எடுத்துக் காட்ட ஒரு தாள் இருக்கும் என்பதே முக்கியம். பொதுக் காயவைக்கும் தளமொன்றுக்கும் களஞ்சியத்துக்கும் கோரிக்கை வைப்பதாயின், ஈரநெல்லில் ஊர் இழந்த தொகையைக் கிலோக் கணக்கோடு அதே கூட்டத்தில் வாசியுங்கள். கதிர் பொறுக்கும் அக்காவின் பக்கத்தையும் வாசியுங்கள். வாய்க்கால் துப்புரவு, வரம்பு திருத்தம் ஆகிய பொதுவேலைகளுக்கு ஆள் பிடிக்கும்போது, காணியில்லாத குடும்பங்களுக்கு முதலிடம் கேட்பதற்கு அந்தப் பக்கத்திலுள்ள நாட் கணக்கு தேவைப்படும்.